ஒரே திகதியில் மகிழ்வும் துயரும்

ஆண்டுக்கு நாட்கள் 365. மிகுநாள் ஆண்டாயின் 366. மனித வரலாறோ பல்லாயிரம் ஆண்டுகள் நீண்டு கிடப்பது. ஆதலின், பெருநிகழ்ச்சிகள் பல ஒரே திகதியில் வந்து பொருந்துதல் வியப்பன்று. எனினும், அவ்வாறு பொருந்தியவற்றுள் எது தற்செயல், எது காரணகாரியத் தொடர்புடையது என்று பகுத்தறிதல் வரலாறு கற்பாரின் கடனாகும். இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு ஜேர்மனி நாட்டின் நவம்பர் 9ஆந் திகதி.

1848ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பல நாடுகளில் மக்கள் கிளர்ச்சிகள் மூண்டன. பிராங்போர்ட் நகரிற் கூடிய தேசிய மன்றத்தின் உறுப்பினர் ரொபேர்ட் புளூம் என்பவர், வியன்னாவிற் கிளர்ச்சியாளரோடு நின்றமைக்காக, அவ்வாண்டு நவம்பர் 9இல் சுட்டுக்கொல்லப்பட்டார். மக்களாட்சி வேண்டி எழுந்த குரல்களுள் ஒன்று அன்று அடங்கிற்று.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1918இல், முதலாம் உலகப் போரிற் படுதோல்வி நெருங்கிய வேளையில், கடற்படையினரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். நவம்பர் 9இல், பேரரசர் இரண்டாம் வில்லியம் இசைவு தருமுன்னரே, அவர் முடிதுறந்தார் என்னும் அறிவித்தலை அரசாங்கத் தலைவரான மக்ஸ் இளவரசர் வெளியிட்டார். பிற்பகலில், பேர்லின் பாராளுமன்றக் கட்டிடத்தினின்று பிலிப் ஷைடெமான் குடியரசைப் பறைசாற்றினார். சில மணி நேரத்துள், அரண்மனைப் பக்கத்தில் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசொன்றைப் பிரகடனஞ் செய்தார். ஒரே நாளில், ஒரே நகரில், இரு குடியரசுகள்! புதிய ஆட்சி பிறந்த அன்றே பிளவும் உடன்பிறந்தது.

அக்குடியரசை வெறுத்தோர் பலர். அதனை அமைத்தோரை 'நவம்பர்க் குற்றவாளிகள்' எனத் தூற்றியவர்களுள் அடொல்ப் ஹிட்லரும் ஒருவர். 1923 நவம்பர் 8ஆந் திகதி இரவு, மியூனிச் நகரின் மதுச்சாலையொன்றிற் புகுந்து அவர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முனைந்தார். மறுநாள், அதாவது 9ஆந் திகதி, அவர்தம் அணியினர் நகரின் நடுவே ஊர்வலமாகச் சென்றபோது காவற்படையினர் வழிமறித்துச் சுட்டனர். காவலர் நால்வரும், ஹிட்லரின் அணியினர் பதின்மருக்கு மேற்பட்டோரும் மாண்டனர். முயற்சி முறிந்தது, ஹிட்லர் சிறை புகுந்தார். ஆனால், 1933இல் அவரே ஆட்சிபீடமேறியபின், இறந்த தம்மவரைத் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் அந்நாட்களில் மியூனிச்சிற் பெருவிழா எடுத்தார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இவ்விழாவே களமாயிற்று. 1938 நவம்பர் 7இல், பாரிஸ் நகரில், ஜேர்மனியத் தூதரக அதிகாரி ஒருவரை யூத இளைஞன் ஒருவன் சுட்டான். 9ஆந் திகதி அவ்வதிகாரி உயிர் துறந்தார். செய்தி எட்டியபோது, நாஜிக் கட்சித் தலைவர்கள் அனைவரும் விழாவின் பொருட்டு மியூனிச்சிற் கூடியிருந்தனர். அங்கு கொயெபெல்ஸ் நஞ்சு கலந்த உரையொன்றை ஆற்றினார். தலைவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசி வழியே கட்டளை விடுத்தனர். அன்றிரவும் மறுநாளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் தீக்கிரையாயின அல்லது சிதைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன. யூதர் பலர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் பிடிக்கப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். இழப்புக்கு ஆளான யூதர்மீதே நூறு கோடி மார்க் தண்டமும் விதிக்கப்பட்டது. 1918இன் மீது கொண்ட வெறுப்பு 1923ஐ ஈன்றது. 1923இன் நினைவுவிழா 1938இன் கொடுமைக்கு வாயில் திறந்தது. இங்கே திகதியின் ஒற்றுமை வெறுந் தற்செயலன்று.

1989ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறு வகையினது. கிழக்கு ஜேர்மனிய அரசு, வெளிநாட்டுப் பயணத்துக்கான புதிய விதிகளை வகுத்தது. நவம்பர் 9ஆந் திகதி மாலை, அதனைச் செய்தியாளருக்கு அறிவித்த குந்தர் ஷபோவ்ஸ்கி, அவ்விதிகள் எப்போது நடைமுறைக்கு வருமென்ற கேள்விக்கு, தமக்குத் தெரிந்தவரையில் உடனடியாகவே எனத் தடுமாறி விடையிறுத்தார். உண்மையில் அவை மறுநாளே தொடங்கவேண்டியவை. செய்தி கேட்ட மக்கள் எல்லைக் கடவைகளிற் திரண்டனர். மேலிடத்துக் கட்டளை தெளிவாக வாராத நிலையில், போர்ன்ஹோல்மர் வீதிக் கடவையிலிருந்த அதிகாரிகள் நள்ளிரவு நெருங்கும் வேளையில் தடையை நீக்கினர். 1961 முதல் நகரைப் பிளந்து நின்ற பேர்லின் மதில் அன்றே பயனற்றதாயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை, மக்கள் கண்ணீர் மல்க ஒருவரையொருவர் தழுவினர். இந்நாள் நவம்பர் 9ஆக அமைந்தது தற்செயலே.

மறுவாண்டு இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. தேசிய விழாவுக்குரிய நாள் எது என்ற வினா எழுந்தது. மதில் திறந்த நாளே பொருத்தமெனக் கருதியோர் உளர். ஆயின், வழிபாட்டிடங்கள் எரிந்த திகதியில் வாணவேடிக்கை விடுவது எங்ஙனம்? ஒன்றிணைப்பு நிறைவேறிய ஒக்டோபர் 3ஆந் திகதியே பொது விடுமுறை நாளாக்கப்பட்டது.

ஆயினும், நவம்பர் 9 மறக்கப்படவில்லை. அந்நாளில் 1938இல் துன்புற்றோர்க்கு அஞ்சலி செலுத்துவதும், மதில் திறந்ததை நினைவுகூர்வதும் இன்றும் நிகழ்கின்றன. பெருமைக்குரியதை மட்டுந் தெரிந்தெடுத்து, நாணத்தக்கதை ஒதுக்கிவிட நாட்காட்டி இடந்தருவதில்லை. இரண்டையும் ஒரே திகதியிற் சேர்த்து நினைப்பது கடினமே. எனினும், மகிழ்ச்சி விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிய மக்கள், துயரின் நாளைத் துயரின் நாளாகவே விட்டுவைத்தமை கருதத்தக்கது.