குழலுக்கு ஏற்ற குண்டு

“1857-ஆம் ஆண்டுக் கலகத்திற்குக் கொழுப்புத் தடவிய தோட்டா ஒரு காரணம் என்று எல்லாப் பாடபுத்தகங்களும் சொல்லுகின்றனவே, தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று ஒரு புத்தகமாவது சொல்லுகிறதா?” என்று நேயர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பசுவையும் பன்றியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் விட்டுவிடுவது நம் சரித்திர ஆசிரியர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைக் கிராமங்களில் பார்த்திருக்கும் நேயர்களுக்கு அதன் பிரயோகத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் சுரிகுழல் துப்பாக்கியின் சங்கடம் தனியானது. குழலின் உட்சுவரில் சுழன்று செல்லும் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டு வெளியேறினால்தான் அது தன் அச்சில் சுழன்று குறி தவறாமல் பாயும். அப்படிப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் குண்டு குழலுக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். வாய்வழியே அடிவரை தள்ள வேண்டுமானாலோ தளர்வாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. புகையோடு போனது போக மிச்சமெல்லாம் குழலுக்குள் அடையாகப் படிந்து, ஒவ்வொரு வெடிக்கும் குழலைக் குறுக்கிக்கொண்டே வரும்.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் குழலைவிடச் சற்றே சிறிய ஈயக்குண்டை, கொழுப்பில் தோய்த்த துணித்துண்டில் பொதிந்து உள்ளே தள்ளினார்கள். பள்ளங்களைப் பற்றும் வேலையைத் துணி செய்தது. ஆங்கிலேயர் 1800-இல் தம் படைக்கு அளித்த பேக்கர் துப்பாக்கியோடு, குண்டைத் தட்டி இறக்குவதற்கென்று முதலில் மரச்சுத்தியலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எதிரி நெருங்கி வரும்போது சுத்தியலைத் தேடுகிற சிப்பாயின் அவஸ்தையை ஊகித்துக்கொள்ளலாம். பிரான்சில் 1826-இல் டெல்வின் என்பவர், குண்டு அடியில் போய் அமர்ந்த பின் கோலால் இடித்து அதை அகலச் செய்யும் உபாயத்தைக் கண்டார். இடிபட்ட குண்டு உருக்குலைந்து போனதுதான் கண்ட பலன்.

பேக்கர் துப்பாக்கிக்கும் டெல்வினுக்கும் முன்பே சுரிகுழலின் மகிமையைக் கணித சாஸ்திர ரீதியாக எடுத்துச் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். எந்தத் தேசம் இதை முழுமையாகத் தேர்ந்துகொள்கிறதோ அதன் படைக்கு நிகரிராது என்று 1747-இலேயே எழுதிய அந்த மேதை, கும்பெனியின் பிரதம எஞ்சினீயராக இங்கே வந்து, 1751-இல் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையிலேயே காலமானார்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனித்தான் வருகிறது. 1823-இல் தென்னிந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் காப்டன் நார்ட்டன், இந்நாட்டு மக்கள் உபயோகித்த ஊதுகுழலின் அம்பை எடுத்துப் பார்த்தார். அதன் அடியில் தாமரையின் மிருதுவான தக்கை பொருத்தப்பட்டிருந்தது. குழலில் இடும்போது தடையின்றி நழுவிச் சென்ற அந்தத் தக்கை, பின்னாலிருந்து ஊதியவுடன் மூச்சின் வேகத்தால் விரிந்து, காற்று ஒரு துளியும் பக்கவாட்டில் நழுவாதபடி குழலை அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சைக்கிள் பம்பைப் பிரித்தபோது உள்ளே கண்ட தோல் வாஷரும் இதே வேலையைத்தான் செய்கிறது: கிண்ணம்போல் குழிந்த அதன் விளிம்பு, பிடியை இழுக்கும்போது சுருங்கிக் காற்றுக்கு வழிவிட்டு, அழுத்தும்போது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நார்ட்டன் இதை ஈயத்தில் செய்து பார்த்தார். அடிப்பாகம் குடைந்த, கூர்முனை கொண்ட அவருடைய குண்டில், குடைவுக்குள் புகுந்த வெடிவாயுவே ஈயத்தை விரித்துப் பள்ளங்களில் அழுத்தியது. போகும்போது தளர்வு, வரும்போது இறுக்கம்! ஆனால் மேலிடத்தார் அதை ஏற்கவில்லை. 1835-இல் கிரீனர் என்பவர் இதே தத்துவத்தில் செய்த குண்டையும் ஒதுக்கினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் மினியே 1849-இல் இதைச் செம்மைப்படுத்தவே, ஆங்கில அரசாங்கம் அவருக்கு இருபதினாயிரம் பவுன் கொடுத்துப் பெற்றுக்கொண்டது. கிரீனருக்கு வெகுநாள் கழித்து ஓராயிரம் கிடைத்தது.

இந்த வழியில் பிறந்ததுதான் 1853-ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568. இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான். சிப்பாய், காகிதப் பொட்டலத்தின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து மருந்தைக் குழலில் கொட்டி, மறுநுனியில் உள்ள குண்டைக் காகிதத்தோடு அப்படியே கவிழ்த்துச் செருகவேண்டும். அந்த நுனியில் தடவிய கொழுப்புத்தான் காகிதத்தை வழுக்கச் செய்து, குழலில் படிந்த கரி அடையை இளக வைத்தது. நேயரின் கேள்விக்கு இதுவே விடை. கொழுப்பின்றி வேலை நடவாது என்பது உண்மை. அது எந்தக் கொழுப்பு, அதை வாயில் வைப்பவன் யார் என்று யோசியாமற் போனது மகா அலட்சியம். கடைசியில் இந்நாட்டு வெயிலில் அடை இறுகி 0.568 குண்டே இறங்க மறுத்ததால், அதை 0.55 ஆகக் குறைக்க நேர்ந்தது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளீயம் போன்றவை கலந்தால் ஈயம் கடினப்பட்டு, விரிய வேண்டிய சமயத்தில் விரியாது. எனவே இக்குண்டுக்குச் சுத்தமான, மிருதுவான ஈயமே உகந்தது. உறுதியான பண்டமே உயர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மினியேயின் பெயர் உலகப் பிரசித்தம்; கிரீனரும் நார்ட்டனும் ஆயுத சரித்திரத்தில் இருக்கிறார்கள்; தக்கையை அம்பில் பொருத்தினவனின் பெயரை ஒருவரும் கேட்டெழுதவில்லை. அந்நியரைக் குறை கூறிப் பயனில்லை, நாமும் கேட்கவில்லை. காட்டிலும் மேட்டிலும் வாழும் மக்களின் கைத்தொழில்களை ஆராயப் புறப்படும் நம் மாணவர்கள், அவர்கள் செய்வது இன்னது என்று குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், ஏன் அவ்வாறு செய்கிறார்கள் என்றும் விசாரித்து, சொன்னவரின் பெயரையும் அதன் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் முறை என்பது என் அபிப்பிராயம்.