நம்ம வார்டு, நம்ம ஊர் – 11: தொழில் வளர்ச்சி கடைவீதியில் தொடங்கட்டும்

உள்ளாட்சித் தேர்தல் துண்டறிக்கை எதை எடுத்தாலும் அதில் தொழில் வளர்ச்சி பற்றி ஒரு பத்தி இருக்கும். தொழிற்சாலை வரும், இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும், வணிகம் செழிக்கும் என்று சட்டமன்ற வேட்பாளர் சொல்வதையே வார்டு வேட்பாளரும் சொல்லிவிடுகிறார். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் 12,000க்கும் மேற்பட்ட வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்குவது மாநில அரசு நிறுவனங்களான சிப்காட், சிட்கோவின் வேலை. மின்கட்டணமும் முதலீட்டுச் சலுகையும் மாநில அளவில் முடிவாகின்றன. கவுன்சிலரின் கைக்கு எட்டுவது தெருவும் வடிகாலும் விளக்கும் குப்பையும் சந்தையும் தொழில் உரிமமும்தான். இவற்றைச் சின்ன வேலை என்று ஒதுக்குவதால்தான் ஊரின் வணிகம் தேங்குகிறது என்பது என் வாதம். ஒரு வார்டில் தொழில் வளர வேண்டுமானால் மன்றம் இந்த வேலைகளைத் தவறாமல், முன்கூட்டியே, எல்லோருக்கும் ஒரே விதியில் செய்ய வேண்டும். அதற்கு மேல் எதை வாக்குறுதியாகச் சொன்னாலும் அது அடுத்தவர் வீட்டுப் பந்தியில் இலை போடுவதுதான்.

சென்னையின் அம்பத்தூரைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழிற்கூடங்கள் உள்ள தொழிற்பேட்டை அது. லேத், அச்சு, உதிரிபாகம், பேக்கிங் என்று ஒன்றை நம்பி ஒன்று ஓடும் உலகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த இயந்திரங்களும் மோட்டார்களும் மூலப்பொருளும் தண்ணீரில் மூழ்கின. பெரிய நிறுவனமாக இருந்தால் காப்பீடு இருக்கும், வேறு ஊரில் இன்னொரு ஆலை இருக்கும். நான்கு பேரை வைத்து நடத்தும் பட்டறைக்கு ஒரு வாரம் ஓட்டம் நின்றாலே ஆர்டர் கைமாறிவிடும். பிறகு நிவாரணக் கடன் கிடைத்தாலும் கைவிட்டுப் போன வாடிக்கையாளரைக் கடன் திருப்பிக் கொண்டுவராது. மழையை எந்த மன்றத்தாலும் நிறுத்த முடியாது, அந்த அளவு மழைக்கு எந்த வடிகாலும் போதாது என்றுகூட ஒருவர் சொல்லலாம். ஆனால் வடிகால் எந்த மாதத்தில் தூர்வாரப்படுகிறது, ஒரு தெருவில் போட்ட வடிகால் அடுத்த தெரு வடிகாலோடும் ஏரியின் உபரிநீர்க் கால்வாயோடும் இணைகிறதா, இணையாமல் நடுவில் நிற்கிறதா என்பவை மனிதர் முடிவு செய்யும் விஷயங்கள். தண்ணீர் ஒரு நாளில் வடிவதற்கும் ஐந்து நாள் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சிறு பட்டறைக்காரருக்குத் தொழில் கொள்கை என்றால் முதலில் அதுதான்.

இதைவிடப் பெரிய பாடம் திருப்பூர். பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடத்தில் நிற்கும் ஊர். அந்த வளர்ச்சியை எந்த மன்றமும் கொண்டுவரவில்லை. சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களும் தொழிலாளர்களாகத் தொடங்கி முதலாளிகளானவர்களும் உண்டாக்கினார்கள். தொழில் ஓடிய வேகத்துக்கு ஊரின் அடிப்படை வசதிகள் ஓடவில்லை. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது, கழிவு நொய்யல் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன; துணி சாயத்துக்காக வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் பயணப்பட்டது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. திருப்பூருக்குத் தனியார் கூட்டு முயற்சியில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் 2005ஐ ஒட்டித்தான் செயல்பாட்டுக்கு வந்திருந்தது. தொழிற்கூடங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் தண்ணீரின் வருமானத்தை நம்பித்தான் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் என்பது அதன் கணக்கு. பட்டறைகள் மூடியதும் அந்தக் கணக்கும் ஆடிப்போனது. சாயக்கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனாலும் கழிவுக்கு வழி செய்யாமல் வளர்ந்த தொழிலை எந்த நாளும் ஒரு தீர்ப்பு நிறுத்திவிடலாம் என்பதைத் திருப்பூர் பெரிய விலை கொடுத்துக் கற்றது. சாக்கடையையும் குடிநீரையும் கவனிப்பவர் தொழிலுக்கு எதிரி என்ற பேச்சு இன்றும் பல ஊர்களில் கேட்கிறது. திருப்பூரில் நடந்ததைப் பார்த்த பிறகும் அப்படிப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி நடைபாதைக்கு வருவோம். மன்றம் எடுக்கும் முடிவு இங்கேதான் மிக உடனடியாக ஒருவரின் அடுப்பைத் தொடுகிறது. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, வார்டு அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது சட்டம். அந்தச் சட்டப்படி ஆணையர் தலைமையில் அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தச் சான்றிதழ் வெறும் அட்டை இல்லை. 2020இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் பெற உள்ளாட்சி தந்த அடையாளமோ பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது. அந்தத் தாள் கையில் இருந்தால் வங்கிக்குப் போகலாம். இல்லாவிட்டால் காலையில் தண்டல்காரரிடம் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு பூக்காரரின் நாள் லாபம் எங்கே போகிறது என்பதை நகராட்சியின் ஒரு தாள் தீர்மானிக்கிறது. கணக்கெடுப்பு நாளில் தன் வார்டில் ஒருவர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்வது ஒரு கவுன்சிலர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலைகளில் ஒன்று என்பேன்.

இங்கே கடைக்காரர்கள் எழுப்பும் ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நாங்கள் வாடகை தருகிறோம், அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம், சொத்து வரி, தொழில் வரி, ஜிஎஸ்டி எல்லாம் கட்டுகிறோம். எங்கள் வாசலை மறித்துக்கொண்டு அதே பொருளை ஒருவர் விற்றால் இது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை வியாபாரியை விரட்டுவதில் இல்லை என்பதைப் பத்து ஆண்டு அனுபவம் காட்டிவிட்டது. விரட்டப்பட்டவர் மறுநாள் இருபது அடி தள்ளி உட்காருகிறார், இடையில் மாமூல் வாங்கும் கைகள்தான் கூடுகின்றன. விற்பனைப் பகுதி எது, விற்பனை கூடாத பகுதி எது, எந்த நேரம், எவ்வளவு அகலம், கட்டணம் எவ்வளவு என்று எழுதிக் கோடு போட்டுவிட்டால் கடைக்காரரின் வாசலும் காக்கப்படும், வியாபாரியின் இடமும் காக்கப்படும், நடப்பவருக்கும் வழி கிடைக்கும். சென்னை பாண்டிபஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் திறந்தபோது வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. அங்கே இன்று மாலை நேரம் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தாலே போதும். காரில் வருபவரைப் போலவே, சொல்லப்போனால் அவரைவிட அதிகமாக, கடைக்குள் நுழைபவர் நடந்து வருபவர். சந்தைகளிலும் இதே கதைதான். சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டு மன்றம் ஒதுங்கிக்கொண்டால், கூடைக்கு எவ்வளவு, தள்ளுவண்டிக்கு எவ்வளவு என்பது குத்தகைதாரர் வாயில் வருவதுதான். தீர்மானித்த கட்டணத்தைச் சந்தை வாசலில் பெரிய பலகையில் எழுதி வைக்கவும், ரசீது இல்லாமல் வசூலிக்கக் கூடாது என்று சொல்லவும் மன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது அடுத்த ஆட்சேபம். வரியை ஏற்றினால் வணிகம் நொடியும், ஏற்றாவிட்டால் வடிகால் வராது. இந்த இழுபறி உண்மையானது. ஜிஎஸ்டி வந்த பிறகு வணிகத்தின் வளர்ச்சியிலிருந்து மன்றத்துக்கு நேரடியாகக் கிடைப்பது மிகக் குறைவு. தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டம் வைத்த ஆண்டு உச்சவரம்பு 2,500 ரூபாய். பல ஆண்டுகளாக அதில் மாற்றமே இல்லை. ஆகவே எஞ்சுவது சொத்து வரி. அந்த வரியை நாம் நடத்திய விதம்தான் தவறு. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் 2022 வரை எந்தப் பொதுச் சீராய்வும் நிலைக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 சதவீதம்வரை ஒரேயடியாக ஏறியது, வணிகக் கட்டடங்களுக்கும் பெரிய ஏற்றம். கட்டட உரிமையாளர் அந்தச் சுமையை வாடகைக்குத்தான் மாற்றுவார், வாடகைக் கடைக்காரர் யாரிடம் மாற்றுவார்? வணிகத்தை நொடிக்க வைப்பது வரி என்பதைவிட, எப்போது எவ்வளவு என்று தெரியாத வரி என்பதே பொருத்தம். ஆண்டுதோறும் சிறிதளவு, முன்பே அறிவித்து ஏறும் வரிக்கு ஒரு கடைக்காரர் தயாராக முடியும். அந்தப் பணம் தன் தெருவில் எந்த வேலையாகத் திரும்பி வந்தது என்று காட்டினால் முணுமுணுப்பும் குறையும். வரியே வேண்டாம் என்று மேடையில் சொல்லும் வேட்பாளரைவிட, கட்டிய வரிக்கு வார்டு வாரியாகக் கணக்குக் கேட்பேன் என்று சொல்பவர் வணிகருக்கு உண்மையான நண்பர்.

கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, எல்லாம் ஆணையரும் மாநில அரசும் முடிவு செய்வதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் உள்ளன. நகரத் திட்டமிடலும் பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடலும் அவற்றில் அடக்கம். தாளில் உள்ள அந்தப் பணிகளில் பல இன்னும் வாரியங்களிடமும் துறைகளிடமும்தான் இருக்கின்றன. அதைவிட மோசம், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்மன்றங்களுக்கு 2022 வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு தெரு வியாபாரி தன் குறையைச் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவது? கவுன்சிலர் இல்லாத ஊரை நாம் பார்த்துவிட்டோம். அதனால்தான் இருக்கும் அதிகாரத்தை முழுவதும் பயன்படுத்துபவர் வேண்டும் என்கிறேன். வரவு செலவுத் திட்டம் மன்றத்தின் ஒப்புதலுக்கு வருகிறது. ஒப்பந்தப் புள்ளித் தீர்மானங்கள் மன்றத்துக்கு வருகின்றன. நிதிக்கும் பணிகளுக்கும் சுகாதாரத்துக்கும் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. கேள்வி கேட்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கும் மன்றத்தில் தூர்வாரும் பணி மழைக்கு முன் முடிந்ததா என்பது பதிவேட்டில் ஏறும். கேட்காத மன்றத்தில் கை தூக்கியதோடு தீர்மானம் நிறைவேறிவிடும்.

ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி இப்போது பெண்களுக்கு. பின்னலாடை நிறுவனங்களிலும் ஜவுளிக்கடைகளிலும் சந்தையிலும் பாடுபடுபவர்களில் பெரும் பகுதி பெண்கள். அப்படியிருந்தும் கடைவீதியில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பிடம் எத்தனை ஊர்களில் இருக்கிறது? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே பொழுதைக் கழிக்கும் விற்பனைப் பெண்ணும், இரவு ஷிப்ட் முடிந்து விளக்கில்லாத தெருவில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தையல் தொழிலாளியும் எந்தத் தொழில் வளர்ச்சி அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. விளக்குக் கம்பமும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் பெண்கள் வேலையை விடுகிறார்கள், முதலாளிக்கு ஆள் கிடைப்பதில்லை. இரண்டும் மன்றத்தின் நேரடி வேலைகள், பெரிய செலவும் இல்லை.

ஆகவே வார்டு வேட்பாளரின் முன்னுரிமைப் பட்டியலில் நான் முதலில் தேடுவது, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையைத்தான். வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பல ஊர்களில் கூட்டங்கள் நடந்தன, சென்னையை அடுத்த பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய அந்தச் சபை உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது, வியாபாரிகள் சங்கத்துக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அழைப்பு போனதா என்று வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்கலாம். அங்கே மூன்று தாள்கள் மேசைமேல் இருக்க வேண்டும். வார்டில் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல், ஒவ்வொன்றும் எத்தனை நாளாக எந்த மேசையில் நிற்கிறது என்ற தேதியோடு. தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்புப் பட்டியல், விடுபட்டவர்கள் எழுந்து பெயர் சொல்லும்படி. வார்டின் வடிகால் வரைபடம், எது எதோடு இணைகிறது என்பது சாதாரண மனிதருக்குப் புரியும்படி. மூன்றும் நகராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டிய தாள்கள்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் மாதக் கூட்டத்திலேயே அந்த வரைபடம் விரிக்கப்பட வேண்டும்.