உங்களுக்குத் தெரியுமா? 30 கிலோ கூட்டிய காதல் நாயகன்!

● ‘ஓரே மோனோகதாரி!!’ என்ற ஜப்பானியக் காதல் நகைச்சுவை மாங்காவின் (சித்திரக்கதையின்) நாயகன் தகேயோ பள்ளி மாணவன்தான். ஆனால் உயரம் 2 மீட்டர், எடை 120 கிலோ!

● கதை கசுனே கவஹாரா, ஓவியம் அருகோ. மொத்தம் 13 தொகுதிகள். 2013-இல் கோதான்ஷா மாங்கா விருது பெற்றது.

● ரயிலில் ஒருவன் அத்துமீற, யமாதோ என்ற மாணவியைத் தகேயோ காப்பாற்றுகிறான். தன் அழகான நண்பன் சுனகாவாவைத்தான் அவள் விரும்புகிறாள் என்று நினைத்து, இருவரையும் சேர்த்துவைக்கப் பாடுபடுகிறான். அவள் மனமோ தகேயோவிடம்!

● 2015-இல் இயக்குநர் ஹயாதோ கவாய் இந்த மாங்காவைத் திரைப்படமாக்கினார். தகேயோவாக மாற நடிகர் ரியோஹேய் சுசுகி சுமார் 30 கிலோ எடை கூட்டினார். படம் வெளியானபோது அந்த ‘பள்ளி மாணவ’ருக்கு வயது 32!