அம்மாவும் நோரா, மகளும் நோரா

எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்த சமயம். கையில் காசு இல்லை. அவரிடம் சொல்லாமல் இரண்டு வளையல்களை அடகு வைத்தேன். மீட்கிற வரைக்கும் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டே திரிந்தேன். அதனால்தானோ என்னவோ, என் பெண் காலேஜ் லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த 'பொம்மை வீடு' நாடகத்தை எடுத்தவள், அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் படித்தேன்.

நார்வே நாட்டு இப்சன் 1879-ல் எழுதியது. நோரா என்ற குடும்பத் தலைவி, நோயாளிக் கணவனைப் பிழைக்க வைக்க, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்குகிறாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, ரகசியமாக அடைக்கிறாள். விஷயம் வெளிவந்ததும் கணவன் அவளைத் தாங்குவான் என்றுதானே நினைப்போம்? தன் கௌரவம் போச்சே என்று குதிக்கிறான்! மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு நோரா வெளியேறுகிறாள். ஜெர்மனியில் ஒரு நடிகை, பெற்ற குழந்தைகளை விட்டுப் போகிற மாதிரி நடிக்கவே மாட்டேன் என்று மறுத்துவிட, இப்சன் மனசில்லாமல் முடிவை மாற்றிக் கொடுத்தாராம். அந்த நடிகையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நார்வேயில் துணிந்து நடித்தார்கள். தலைநகர் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) 1880-ல் நோராவாக மேடை ஏறியவர் யோஹன்னே யூல். கணவரும் நடிகர்தான். இரண்டே வருஷம், 1882-ல் யோஹன்னே யூல் காலமாகிவிட்டார். நாற்பதுகூட ஆகவில்லை, பாவம்.

அவருடைய மகளுக்கும் யோஹன்னே என்றுதான் பெயர். 1867-ல் பிறந்தவள். அம்மா போன ஐந்தாம் வருஷம், 1887-ல், பெர்கன் நகர நாடக மேடையில் முதல்முதலாக நடித்தாள். மறு வருஷமே தலைநகரம் அழைத்துக்கொண்டது. 1890-ல் அவள் கைக்கு வந்த வேஷம் எது தெரியுமா? அதே நோரா! அதே தியேட்டர். அம்மா நின்ற இடத்தில் நின்று, அம்மா பேசிய வசனத்தைப் பேசும்போது அந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! அம்மாவின் நடையை ஞாபகத்திலிருந்து எடுத்தாளா, இல்லை வேண்டுமென்றே மாற்றி நடந்தாளா? இதை நினைத்துக்கொண்டே அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

1891-ல் வக்கீல் ஒருவரை மணந்து யோஹன்னே டிப்வாட் ஆனார். கல்யாணத்தோடு மேடையை விடவில்லை. 1899-ல் திறந்த தேசிய நாடக அரங்கின் பெரிய நட்சத்திரமே அவர்தான். பெண்கள் டைரக்ட் செய்வது அபூர்வமான அந்தக் காலத்தில் நாடகங்களை இயக்கவும் செய்தார். வயதுக்குத் தக்கபடி தாய் வேஷங்களும் போட்டார். மேடையை விட்டு இறங்கியது 1947-ல்; அப்போது வயது எண்பது! 1950-ல் காலமானார். அரங்கை ஒட்டிய சதுக்கத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

வளையல் கதையை அவரிடம் போன வாரம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்றார். பயமாயிருந்தது என்றேன்.