ஏரிக்கரையில் காணும் விலங்குச் சுவடுகள்

ஏரி என்பது ஆயக்கட்டு நிலங்களுக்கு நீர் வழங்குவது மட்டுமன்று. சுற்றுவட்டாரத்து உயிர்கள் எல்லாம் நீரும் இரையும் தேடி வந்து கூடும் இடமும் அதுவே. பகலில் அவை நம் கண்ணில் படுவது அரிது. இரவில் வந்து, விடியுமுன் மறைந்துவிடுகின்றன. ஆயினும், வந்து சென்றதற்கான அடையாளத்தைச் சேற்றிலும் புழுதியிலும் விட்டே செல்கின்றன. அவ்வடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவர் தம் பயிரையும், ஆடு கோழிகளையும், ஏரிக்கரையையும் காத்துக்கொள்ள வல்லவராகிறார். படிக்கத் தெரியாதவரோ, எலியைத் தின்று உதவும் காட்டுப்பூனையைத் துரத்திவிட்டு, கரையைத் துளைக்கும் பெருச்சாளியை விட்டுவிடுகிறார்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. எனவே, கரையின் நலத்தைக் கண்காணிக்கும் கடமை பஞ்சாயத்தாருக்கு நேரடியாக உண்டு. ஏரியை அடுத்து வீடும் நிலமும் உடையவர்கள் எளிதில் கற்றுக்கொள்ளத்தக்க சில குறிப்புகளை இங்கே தருகிறோம்.

சுவடு பார்க்கும் முறை

சுவடு பார்க்க ஏற்ற நேரம் விடியற்காலை. அப்போது வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களில் நிழல் தங்கிச் சுவடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே சுவடு கண்ணுக்குப் புலப்படாமற்போகலாம். சூரியனுக்கும் நமக்கும் இடையே சுவடு இருக்குமாறு நின்று பார்க்க வேண்டும்.

மண் கடினமாக உள்ள இடங்களில், மாலையில் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்திற்குச் சலித்த மண்ணை விரல் கனத்தில் பரப்பி, சிறிது நீர் தெளித்து, பலகையால் சமன் செய்து வைக்கலாம். கோழிக் கூண்டின் வாயிலிலும் கரை மேலும் இவ்வாறு செய்தால் இரவில் யார் வந்தார் என்பதை மறுநாள் காலையில் மண்ணே சொல்லிவிடும்.

ஒரு சுவட்டை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது. விரல்கள் எத்தனை, நகக்குறி உண்டா, நீளம் அகலம் எவ்வளவு, நடை நேராகச் செல்கிறதா அலைகிறதா என்பவற்றையெல்லாம் பத்துப் பதினைந்து அடிகளுக்குத் தொடர்ந்து நோக்க வேண்டும். அருகில் ஒரு தீப்பெட்டியை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பின்னர் அளவு காண்பதற்கும், வனத்துறையினரிடம் காட்டுவதற்கும் உதவும்.

விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் ஈரமாகவும் இருந்தால் சுவடு புதியது. விளிம்பு உதிர்ந்து, உள்ளே சருகு விழுந்து, எறும்பும் வண்டும் குறுக்கே நடந்த தடம் இருந்தால் அது பழையது.

நாய் இனமும் பூனை இனமும்

இவ்விரு இனங்களின் அடியிலும் நான்கு விரல்களே பதியும். நாய் இனத்தில் ஒவ்வொரு விரலின் முன்னும் நகக்குறி தெரியும். சுவடு அகலத்தைவிட நீளம் மிக்கது. பூனை இனம் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் நகக்குறி தெரியாது. சுவடு வட்டமாக இருக்கும். உள்ளங்கால் மெத்தையின் பின்புறம் மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதும் பூனை இனத்தின் அடையாளமாகும்.

நரியின் சுவடு ஏறக்குறைய 5 செ.மீ. நீளமுடையது, ஒடுங்கியது. அதன் நடுவிரல்கள் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒட்டியிருக்கும். ஊர் நாய் அங்குமிங்கும் மோந்துகொண்டு அலையும். நரியோ நூல் பிடித்தாற்போல் நேரே செல்லும். அதன் எச்சம் வரப்பு, கல் முதலிய மேடான இடங்களில் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் எலி மயிர், நண்டு ஓடு, இலந்தைக் கொட்டை முதலியன தென்படும்.

கோரையும் நாணலும் அடர்ந்த ஏரி உள்வாயில் காட்டுப்பூனை வாழும். அதன் சுவடு வீட்டுப் பூனையின் சுவட்டைவிடப் பெரியது. மலையடிவார ஊர்களில் 7 செ.மீ. அகலத்திற்கு மேற்பட்ட, நகக்குறியற்ற வட்டச் சுவட்டைக் கண்டால் அது சிறுத்தையினுடையதாகலாம். உடனே வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அதே அளவுள்ள சுவட்டில் நகக்குறி தெளிவாக இருப்பின் அது பெரும்பாலும் பெரிய நாயின் சுவடே. சிறுத்தை வந்தது என்று ஊர் முழுவதும் அஞ்சிக் கதவடைக்குமுன் இந்த ஒரு குறியைப் பார்த்தல் நலம்.

ஐந்து விரல் உள்ளவை

கீரி, புனுகுப்பூனை, மரநாய், நீர்நாய் ஆகியவற்றின் அடியில் ஐந்து விரல்கள் உண்டு. கீரியின் சுவடு சிறியது. விரல்களுக்கு முன்னே நீண்ட நகக்குறிகள் தனித்து நிற்கும். மரநாய் பழந்தின்னி ஆதலால் அதன் எச்சத்தில் பழக்கொட்டைகள் செரிக்காமல் முழுதாகக் கிடக்கும்.

நீர்நாய் எல்லா ஏரிகளிலும் இல்லை. காவிரி முதலிய ஆறுகளை ஒட்டிய நீர்நிலைகளில் அதன் சுவட்டைக் காணலாம். விரலிடைத் தோல் ஈர மண்ணில் பதிந்திருக்கும். அதன் கூட்டம் ஒரே இடத்தில் மலங்கழிக்கும் வழக்கமுடையது. மீன் செதிலும் முள்ளும் நிறைந்து, மீன் நாற்றம் வீசும் எச்சக் குவியலைப் பாறையிலோ மணல் திட்டிலோ கண்டால் ஐயமே வேண்டா.

பயிரை அழிப்பவை

காட்டுப்பன்றியின் அடியில் பிளவுபட்ட இரு குளம்புகள் பதியும். அவற்றின் பின்னே, இருபுறமும் சற்று வெளியே தள்ளி, சிறு குளம்புகள் இரண்டும் ஈர மண்ணில் குத்தியிருக்கும். மானின் குளம்பு ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். மெல்ல நடக்கையில் சிறு குளம்பு பதிவதில்லை. ஆட்டின் குளம்பு நுனி மழுங்கியது. நிலத்தை ஏர் உழுதாற்போல் முகத்தால் கிளறியிருத்தல், சேற்றில் புரண்ட குழி, அருகிலுள்ள மரத்தின் அடியில் அப்பிய சேறு ஆகியவையும் பன்றியின் அடையாளங்கள்.

நாற்றின் நுனி கத்தியால் சரிவாக அறுத்தாற்போல் இருந்தால் கடித்தது முயல். நுனி பிய்ந்து நார் நாராகத் தொங்கினால் மேய்ந்தது மானோ ஆடோ ஆகும். மேல்வரிசை முன்பற்கள் இல்லாமையால் அவை பயிரைப் பிடித்து இழுத்தே தின்கின்றன. அண்டை வீட்டான் ஆட்டை அவிழ்த்துவிட்டான் என்ற வழக்கு பஞ்சாயத்துக்கு வரும்போது இக்குறிப்பு பயன்படும்.

மயிலின் சுவட்டில் முன்னே மூன்று நீண்ட விரல்களும் பின்னே ஒரு குட்டை விரலும் தெரியும். நாட்டுக்கோழியின் சுவட்டைவிட மிகப் பெரியது. புழுதியில் உடலைப் புரட்டிய பள்ளமும் உதிர்ந்த இறகும் உடன் கிடக்கும்.

கரையைத் துளைப்பவை

பயிர் அழிந்தால் ஒருவருக்கு நட்டம். கரை உடைந்தால் ஊருக்கே நட்டம். ஆதலின் வளைகளை அறிவது எல்லாவற்றினும் இன்றியமையாதது.

நண்டு வளையின் வாயில் ஈர மண் உருண்டைகள் குவிந்திருக்கும். பெருச்சாளியின் வளையில் பொடிமண் குவியலாகத் தள்ளப்பட்டிருக்கும். உள்ளே எலி இருக்கையில் வாயைத் தளர்ந்த மண்ணால் அடைத்து வைப்பதும் உண்டு. முள்ளம்பன்றியின் வளை மிகப் பெரியது. பல வாயில்கள் உடையது. வாயிலில் உதிர்ந்த முள்ளும், கடித்த எலும்புத் துண்டும் கிடக்கும். அண்மையிலுள்ள மரவள்ளிக் கிழங்கு தோண்டப்பட்டும், மரங்களின் அடிப்பட்டை கடிக்கப்பட்டும் இருக்கும்.

உடும்பும் கரையில் வளை கொள்ளும். அதன் தடத்தில் நகக்குறியுள்ள அடிகள் இருபுறமும், வால் இழுபட்ட கோடு நடுவிலும் தெரியும். பாம்பு வளை தோண்டுவதில்லை; எலி வளையில் குடிபுகும். வாயில் வழவழப்பாகி, புது மண் ஏதும் இன்றி, அருகே சட்டை உரிந்து கிடந்தால் உள்ளே பாம்பு இருக்கக்கூடும். எவ்வளையிலும் கையை நுழைத்தல் கூடாது.

இக்கலையில் நம்மவருள் தேர்ந்தவர்கள் இருளர் மக்கள். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளுள் 13ஐ இரண்டு வாரங்களுக்குள் தேடிப் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. புல் சாய்ந்த விதத்தையும், மண்ணின் மேல் உள்ள மெல்லிய தடத்தையும் படிக்கும் அறிவே அவர்கள் கொண்டுசென்ற கருவி. அத்தகையோர் நம் ஊரில் இருப்பின், கரையைப் பார்வையிடும்போது அவர்களை அழைத்துச் செல்வது பஞ்சாயத்துக்குப் பெருந்துணையாகும்.

வளையினால் கரை உடைவது எவ்வாறு?

ஏரி நிரம்பும்போது நீர் கரை மண்ணில் சிறிது சிறிதாக ஊறுவது இயல்பு. உள்ளே நீண்ட வளை இருப்பின், ஊறும் வழி குறுகி நீரின் வேகம் மிகுகிறது. வேகம் மிக்க நீர் மண்ணை அரித்து வெளிக்கொணர, துளை உள்ளே குடைந்து பெருகுகிறது. முடிவில் மேலுள்ள மண் சரிந்து கரை உடைகிறது. ஆகவே, வெளிப்பக்கத்தில் கசியும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கல் நீர் மண் அரிக்கப்படுவதன் அறிகுறி. அது கண்டவுடன் அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வெளித்துளையை மட்டும் மண்ணால் அடைப்பது பயன் தராது. நீர் வேறு வழி தேடும். துளையைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, அதனுள் நீரைத் தேங்கவிட்டால் அரிப்பின் வேகம் தணியும்.

வருமுன் காப்பதே சிறந்தது. ஏரி வற்றியுள்ள கோடையில் கரை முழுவதும் நடந்து வளைகளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வளையின் வாயிலும் மாலையில் மெல்லிய குச்சிகளைக் குறுக்கே நட்டு, மென்மண் பரப்பி வைத்தால், உள்ளே உயிர் உண்டா இல்லையா என்பது காலையில் விளங்கும். வெறுமையான வளையை அடிவரை தோண்டித் திறந்து, களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, திமிசு கொண்டு இடிக்க வேண்டும். முள்ளையும் கல்லையும் வாயில் திணித்து மூடுவது கண்ணுக்கு மறைக்குமேயன்றிக் கரையைக் காவாது. வனவிலங்கு குடியிருக்கும் வளையாயின் வனத்துறையின் உதவியை நாடுக. ஐப்பசி மழைக்கு முன் இப்பணி முடிந்துவிடல் வேண்டும்.

ஆடு கோழி மாண்டால்

முட்டை தடயமின்றி மறைந்தால் பாம்பை ஐயுறலாம். அது முட்டையை முழுதாக விழுங்குவது. உடைந்த ஓடு சிதறிக் கிடந்தால் கீரியையோ காகத்தையோ ஐயுறுக. கோழி மறைந்து, இறகுகள் புதரை நோக்கி வரிசையாகக் கிடந்தால் தூக்கிச் சென்றது நரியோ காட்டுப்பூனையோ ஆகலாம்.

பட்டியில் பல ஆடுகள் பின்தொடையிலும் காதிலும் கடியுண்டு, தின்னப்படாமல் கிடந்தால் அது பெரும்பாலும் தெருநாய்க் கூட்டத்தின் வேலை. சிறுத்தையோ கழுத்தைக் கவ்விக் கொன்று, இரையை மறைவிடத்திற்கு இழுத்துச் செல்லும். மாண்ட கால்நடையை அப்புறப்படுத்துமுன் கால்நடை மருத்துவரையும் வனத்துறையினரையும் அழைத்துக் காட்டினால்தான் இழப்பீடு கோருவதற்குச் சான்று கிடைக்கும்.

சட்டமும் எச்சரிக்கையும்

நரி, காட்டுப்பூனை, கீரி, நீர்நாய், உடும்பு, மயில் முதலியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைக் கொல்லுதலும் பொறிவைத்தலும் குற்றம். காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிப்பவற்றை வனத்துறையினர் சுட 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வழிவகுத்தது. உழவர் தாமே கொல்ல அது இடந்தரவில்லை. அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டத்திற்குப் புறம்பு என்பதோடு, இரவில் மடை பார்க்கச் செல்லும் மனிதரையும் மேயும் மாட்டையும் கொல்லவல்லவை.

எச்சத்தை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும். எலி நடமாட்டமுள்ள சேற்றில் காலில் புண்ணோடு நடப்பது எலிக்காய்ச்சலுக்கு இடமளிக்கும். நாயோ நரியோ கடித்தால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

ஏரிக்கரைச் சுவடுகளுக்கென ஒரு குறிப்பேடு வைக்கலாம். நாள், இடம், சுவட்டின் அளவு, ஏற்பட்ட சேதம் ஆகியவற்றை அதில் எழுதி வந்தால், எம்மாதத்தில் எவ்வுயிர் எவ்வழியே வருகிறது என்பது ஓராண்டில் தெளிவாகும். பள்ளி மாணவர்களையும் ஆசிரியரின் துணையோடு இதில் ஈடுபடுத்தலாம். மதகு, கலங்கல், கரை மூன்றையும் மாதம் ஒருமுறை பார்வையிட உறுப்பினர்களுக்குள் முறை வகுத்துக்கொள்ளலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. விடியற்காலை ஒரு நாழிகை நடக்கும் ஊக்கமே வேண்டுவது. கரையை மழைக்கு முன்னரே நடந்து பார்த்த ஊர், மழைக்காலத்து இரவுகளில் அமைதியாக உறங்கும்.