பிரம்பை வைத்துவிட்டுக் கற்றவை

சென்ற ஆண்டு, ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பை நம் சங்கத்தார் நம்மிடம் ஒப்புவித்தனர். நாம் இரயில்வே குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரல்லோம். ஆசிரியப் பயிற்சியும் பெற்றதில்லை. ஆயினும், இருபது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது அப்படியென்ன அரிய காரியம் என்று துணிந்து ஏற்றுக்கொண்டோம். அத்துணிவு முதல் ஞாயிறன்றே கலைந்தது.

வாரம் முழுவதும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று களைத்த பிள்ளைகள் அவர்கள். ஏழு வயதுச் சிறுமியும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர். கூச்சல் கூரையைப் பிளந்தது. நமக்குத் தெரிந்த வழி, நாம் சிறுவயதில் பட்ட வழி ஒன்றே. பிரம்பொன்றை மேசைமேல் வைத்தோம். மூன்றாம் வாரம், ழகரத்தைத் தவறாக எழுதிய ஒன்பது வயதுச் சிறுவனை, மற்றவர் நகைக்க, வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை; அவன் தங்கையும் வரவில்லை.

இரு வாரம் பொறுத்துக் கிர்க்கியிலுள்ள அவர்கள் இல்லம் சென்றோம். பாட்டியார் காப்பி கொடுத்து உபசரித்தார். பின்னர் மெல்லக் கேட்டார்: "தமிழ் தெரியாதென்றுதானே தம்பி அவனை உங்களிடம் அனுப்பினோம்? தெரியாததற்கே தண்டனை என்றால், அவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?" விடை கூற நம்மால் இயலவில்லை.

அன்று முதல், நமக்கு முன் கற்பித்தோர் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். நம் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் இருந்தன. ஆனால் மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் நல்வழக்கமும் இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகும் முறையைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், 1789-இல் தாம் பொறுப்பேற்ற எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதனைப் புகுத்தினார். ஆசிரியர்கள் இணங்காமற்போகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு கற்பிக்கச் செய்தார். 1797-இல் இதுபற்றி அவர் இலண்டனில் நூல் வெளியிட, அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. கைக்கு வேலையும் மனத்திற்குப் பொறுப்பும் இருந்தால் பிள்ளை குறும்பு செய்யான் என்பதே நாம் அதிற் கண்ட பாடம்.

மற்றொரு பாடம் நாம் வாழும் இப்புணே நகரிலேயே கிடைத்தது. 1848-இல் புதவார் பேட்டை பிடே வாடாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். கற்பிக்கச் சென்ற அம்மையார்மீது வழியில் சாணமும் சேறும் எறிந்தனர். அவர் மாற்றுச் சேலை கொண்டுசென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்பர். நாமோ அலுவலகத்தில் பட்ட சினத்தை மாற்றாமலே வகுப்பிற்குள் கொண்டுவந்திருக்கிறோம்! இதை உணர்ந்தபோது வெட்கினோம்.

அதன்பின் சில வழக்கங்களை மேற்கொண்டோம். பிள்ளைகள் வருமுன்பே கரும்பலகையில் அன்றைய வேலையை எழுதிவைப்போம், வந்தவுடன் தொடங்கலாம். மூத்தவர் ஒருவருக்கு இளையவர் ஒருவர் துணை. சட்டாம்பிள்ளை வாரந்தோறும் மாறுவார். ஏடு வழங்குவது அவர் வேலை, கோள் சொல்வதன்று. இரைச்சல் எழுந்தால் நம் குரலைத் தாழ்த்துவோம். பிழையைத் தனியே அழைத்துத் திருத்துவோம். பள்ளிகளில் உடலை வருத்துவதையும் உள்ளத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. நம் பாய்வகுப்பும் அந்நெறிக்குப் புறம்பாகலாகாது.

எல்லாம் சீராகிவிட்டதென்று கூறமாட்டோம். மழைநாட்களில் இன்றும் கூச்சல் உண்டு. ஆனால் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தங்கையுடன் திரும்பி வந்தான். ஊரிலிருந்து பாட்டியாருக்கு வந்த கடிதத்தைச் சென்ற மாதம் எழுத்துக்கூட்டி அவனே வாசித்தானாம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் குறும்பு செய்தால், "இரு, தமிழ் வாத்தியாரிடம் சொல்கிறேன்" என்று அச்சுறுத்தாதீர்கள். தமிழை அஞ்சி வருபவன் நெடுநாள் வரமாட்டான்.