முலாம் போன கிராமபோன்

திருவள்ளூரில் நம் நண்பர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து, அவருடைய பாட்டனார் வாங்கிய கிராமபோன் பெட்டி சமீபத்தில் கீழே இறங்கிற்று. 1933-ல், 27-ஆம் வயதிலேயே மறைந்த கிட்டப்பாவின் கானத்தை அவ்வீட்டாருக்கு விடாமல் கேட்பித்து வந்த பெட்டி அது. சாவி கொடுத்ததும் பாடிற்று. ஆனால், ஊசியைத் தாங்கும் குழாயில் முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாய்த் தெரிந்தது. சாவிக் கைப்பிடியிலோ ஒரே துரு.

வீட்டு அம்மாள் புளியும் சாம்பலுமாக வந்துவிட்டார்கள். நாம் பதறித் தடுத்தோம்.

குத்துவிளக்கை எத்தனை தேய்த்தாலும் உள்ளேயும் பித்தளையே. இந்தக் குழாயின் வெண்மையோ தலைமயிரினும் மெல்லிய நிக்கல் பூச்சு. தேய்த்தால் எஞ்சியதும் போய்விடும். மெல்லிய துணியும் இரண்டு சொட்டு எண்ணெயுமே அதற்குப் போதும்.

புது முலாம் வேண்டுமானால், பழையதைக் களைந்து, உலோகத்தை மெருகிட்டு, நிக்கல் உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மெருகிடுகையில் செதுக்கிய எழுத்துக்கள் மழுங்கும். குரோமிய முலாமும் ஆகாது. அதன் நீலச் சாயல் நிக்கலின் இளமஞ்சள் வெண்மையோடு ஒட்டாது.

பித்தளை முலாமின்றியும் வாழும், இரும்பு வாழாது. ஆகவே கைப்பிடி மட்டும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து முலாம் பட்டறைக்குப் போய்ப் புதுப்பிறவி எடுத்து வந்தது. குழாயை அப்படியே விட்டுவிட்டோம்.

முலாம் தேய்ந்த அவ்விடம், ஒவ்வொரு தட்டும் முடிந்ததும் ஊசியை எடுக்கப் பாட்டனாரின் விரல் பட்ட இடமல்லவா? அதை மறைக்க நமக்கு மனம் வருமா?